டென்னி டுஜிக் கொடுத்துத் தீர்த்த வருஷங்கள்

அமெரிக்காவில், எங்கள் ஊர் லாக்கவானாவில், வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பாட்டுக்குப் போனால் டென்னி டுஜிக் முதலில் கேக்கைத்தான் சாப்பிடுவான். மீன் அதற்குப் பிறகு. முட்டைகோஸ் பக்கம் கையே போகாது. பரிமாறுகிற பெண்ணுக்கு இது பழகிப்போய், அவன் வந்து உட்கார்ந்ததும் கேக்கை முன்னால் வைத்துவிட்டுத்தான் வேறென்ன வேண்டும் என்று கேட்பாள். ஏனப்பா இப்படி என்று யாராவது கேட்டால், "நடுவுல நெஞ்சுவலி வந்துடுச்சுன்னா? கேக் போச்சே" என்பான். அறுபத்தொரு வயதில் அவன் நெஞ்சில் ஒரு கோளாறும் கிடையாது. வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போய், டாக்டரையே பொறாமையில் பெருமூச்சு விட வைத்துவிட்டு வருகிற நெஞ்சு அது.

முப்பத்தோரு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். ஒருநாளும் தாமதமில்லை, ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் நாளை என்று ஒன்று வரும் என்பது மட்டும் அவன் மண்டையில் ஏறவே ஏறாது. பஸ் டிப்போவில் யாருக்கு எந்தத் தடம் என்பதை சர்வீஸ்படி வரிசையில் நின்று தேர்ந்தெடுப்பார்கள். ஒரு வருஷம், ஃபுட்பால் சீசனின் முதல் ஆட்டத்துக்கு மறுநாள் தூங்கி எழ ஒரு லீவு வேண்டும் என்பதற்காக, அடுத்த மூன்று வருஷத்துக்குத் தன் முறையை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டான். மூன்று குளிர்காலம் ஏரிக்கரைத் தடத்தில் பனிக்காற்று வாங்கினான். இன்னொரு தரம், நவம்பரில் குடும்பமாக வான்கோழி விருந்து சாப்பிடுகிற நன்றித் திருநாளன்று ஆட்டம் பார்க்கப் போக வேண்டும் என்று மனைவி பாலெட்டிடம் பேரம் பேசினான். அந்த ஒரு நாளுக்கு விலை, அடுத்த ஐந்து வருஷ வான்கோழி விருந்தும் மாமியார் வீட்டில். மாமியாருக்கு வான்கோழியை ஈரமாக விடுவது பிடிக்காது. ஐந்து வருஷம் மரத்தூளை மென்றான். எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான்.

"அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

இப்படிப்பட்ட ஆளை ஒரு ஃபுட்பால் லீகில் சேர்த்துக்கொண்டது யார் குற்றம் என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் வாக்குவாதம் உண்டு. ஃபுட்பால் என்றால் இங்கே பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம்தான். தீயணைப்பு மன்றத்தின் ஹாலில் நடக்கிற அந்த லீகில் எட்டுப் பேர், எட்டு டீம், எல்லாம் காகிதத்தில். நிஜமான வீரர்களின் பெயரை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து எழுதி வைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வீரன் மைதானத்தில் எத்தனை கெஜம் ஓடினானோ அத்தனைக்குக் காகிதத்தின் சொந்தக்காரனுக்குப் புள்ளி. பிடித்த வீரனை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வருகிற ஆட்களை ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை முறைவைத்து எடுப்பார்கள். அதுதான் டிராஃப்ட். உன் முறைக்குப் பெயர் பிக்; சுற்றுக்கு ஆளுக்கு ஒன்று, முதல் சுற்றில் வருவது உன் முதல் பிக். போன சீசனில் கடைசியாக வந்தவனுக்குத்தான் முதல் முறை. பாவம், அவனும் பிழைக்கட்டும் என்று. வீரனைக் கொடுத்து பிக் வாங்கலாம், பிக்கைக் கொடுத்து வீரனை வாங்கலாம், இன்னும் பிறக்காத வருஷத்துப் பிக்கைக்கூடக் கொடுக்கலாம். நாங்கள் பார்த்து எரிச்சலும் ஆசையும் படுகிற நிஜமான டீம்களும் அதையேதான் செய்கின்றன.

டென்னிக்கு இந்தக் கடைசி விதி தேன். ஒரு பிக்கைக் காட்டி, "இது யாரு, சொல்லு பாக்கலாம்?" என்று கேட்பான். "இது ஆளே இல்ல. எங்கேயோ காலேஜ்ல பீட்சா தின்னுக்கிட்டு இருக்கிற ஒரு பையனோட நிழல். நட்சத்திரம்னா நட்சத்திரம். கண்ணுக்குத் தெரியுது." இருபத்தேழு வருஷத்தில் அவன் முதல் சுற்று பிக்கைத் தானே பயன்படுத்தியது நாலே தரம். மற்றதெல்லாம் நட்சத்திரங்களுக்குப் போயிற்று. நட்சத்திரங்களோ, டென்னியின் காகிதத்தில் பெயர் ஏறிய மறுவாரமே முதுகு பிடித்துக்கொண்டு, கணுக்கால் பிசகி, ஒருவன் திடீரென்று மதபோதகராகப் போய்... எங்களுக்கெல்லாம் நல்ல பொழுதுபோக்கு.

லீகின் தலைவர் வின்ஸ் லோகிராசோ, டிப்போவின் பழைய மேற்பார்வையாளர். அவரிடம் ஒரு தடித்த ஃபைல் இருக்கிறது. விதிகள் எல்லாம் அதில். நீள மேஜையைச் சுற்றி எட்டு நாற்காலி, ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர் எழுதிய டேப். டீம் இருப்பவன் மட்டும்தான் மேஜையில் உட்காரலாம். மற்றவர்கள் சுவரோரம், சாப்பிடலாம், சிரிக்கலாம், டிராஃப்ட் நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது. அடுத்தடுத்து இரண்டு சீசன் கடைசியாக வந்தால் டீமும் போச்சு, நாற்காலியும் போச்சு. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயருக்கு இரண்டும் போகும்.

ஒரு சீசனில் டென்னி கடைசியாக வந்தான். அடுத்த தரமும் வந்தால் நாற்காலி இல்லை. வேறு யாராக இருந்தாலும் முதல் பிக்கை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஆகஸ்டில் ஹாலின் சமையலறையில், பாலெட்டின் தம்பி ஜீன் ம்ரோசெக் அவனை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். ஜீனுக்கும் லீகில் ஒரு டீம் உண்டு.

"மச்சான், டுபோஸைக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

மார்க்கெல் டுபோஸ். மேற்கே ஏதோ ஒரு டீமில், எங்கே பந்தைப் போட்டாலும் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன். டென்னி முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான். காது சிவந்துவிட்டது.

"எதுக்குக் குடுக்கறே?"

"உன்னோட முதல் பிக்குக்கு. இந்த வருஷம், அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம்."

"மூணா?"

"டுபோஸ், மச்சான்."

சும்மா சொல்லக் கூடாது, டென்னி பேரம் பேசினான். கால் மணி நேரம் வியர்க்க வியர்க்கப் பேசி, பந்தை உதைக்கிற ஆள் ஒருத்தனையும் ஜீனிடமிருந்து கூடுதலாகப் பறித்தான். அந்த ஆள் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. பறித்தவனுக்குத் தெரியாது.

அன்று வீட்டில் பாலெட் கேட்டாள். அவள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறவள். ஆட்டம் பார்க்கும்போது கத்த மாட்டாள். பழைய கடித உறைகளின் முதுகில் ஏதோ குறித்துக்கொண்டே இருப்பாள்.

"மூணு வருஷத்தையும் ஒரே முழங்கால் மேல கட்டிட்டியா, டென்னி?"

"ரெண்டு முழங்கால் இருக்கு அவனுக்கு."

"நாற்காலி போயிடும்டா."

"போகாது. டுபோஸ் இருக்கான்ல."

மூன்றாவது வாரமே டுபோஸின் வலது முழங்கால் கிழிந்தது. சீசன் முடிகிற வரை அவன் ஊன்றுகோலோடு டிவியில் வந்து கை அசைத்தான். டென்னியும் வீட்டிலிருந்து பதிலுக்குக் கை அசைத்தான் என்று பாலெட் சொல்கிறாள், அவன் மறுக்கிறான். டிசம்பரில் அவன் டீம் கடைசி. அதற்கு முந்தின இடத்துக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு பஸ்ஸையே நிறுத்தலாம், அத்தனை இடைவெளி.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வின்ஸ் கட்டைவிரல் நகத்தால் நாற்காலியின் டேப்பை உரித்தார். டேப் பழசு. சீக்கிரம் வரவில்லை, துண்டு துண்டாக வந்தது. டென்னி சிரித்துக்கொண்டுதான் நின்றான். ஆனால் அந்தச் சிரிப்பை அவனால் மூடவும் முடியவில்லை. இருபத்தேழு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவன் மனிதர்களோடு பேசியிருக்கிறான். பஸ்ஸில் பேச யார் இருக்கிறார்கள்? முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்துவார்கள், அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த மேஜை போய்விட்டால் வேறெங்கே தன்னைக் கேலி செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. பயமாகவே இருந்தது.

வின்ஸ் ஃபைலைப் புரட்டினார். பட்டியலை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டார்.

"முதல் பேரு... பாலெட் டுஜிக். பதினோரு வருஷம் முன்னாடி கையெழுத்துப் போட்டிருக்கா."

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாலெட் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்போ எழுதினே?" என்றான் டென்னி.

"உன் பக்கத்துல உக்காந்துதான் எழுதினேன். நீ கேக் சாப்பிட்டுக்கிட்டு இருந்தே."

காரில் போகும்போது அவள் கேட்டாள். "சரி, எனக்கு என்னதான் விட்டு வெச்சிருக்கே?"

அவன் கியரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். முழங்கால் கிழிந்த டுபோஸ் ஒருத்தன். ஓய்வு பெற்ற உதைக்காரன் ஒருத்தன். மீதி எல்லாம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

"முதல் பிக்?"

"இந்த ஆகஸ்ட் ஜீனுக்கு. அடுத்த ஆகஸ்டும் ஜீனுக்கு."

"அப்போ எனக்கு?"

"அதுக்கடுத்த வருஷத்துலேர்ந்து எல்லாமே உனக்குத்தான்," என்றான், ஏதோ நிலம் எழுதி வைக்கிறவன் மாதிரி.

ரிட்ஜ் ரோடு சிக்னலில் சிரிக்க ஆரம்பித்தாள். பச்சை விழுந்து, பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தும் அவளுக்கு நிற்கவில்லை. டென்னிக்குச் சுருக்கென்றது. கோபித்திருந்தால்கூடத் தேவலை என்று நினைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் வந்தது. டிராஃப்ட் அன்று காலையில் டென்னிக்கு வயிறு சரியில்லை. முதலில் வயிறு, பிறகு முதுகு, பிறகு புல்வெளி வெட்ட வேண்டும்.

"நீ போயிட்டு வா. சுவரோரம் உக்காந்து நான் என்ன பண்ணப் போறேன்?"

"உருளைக்கிழங்கு சாலட்டை யாரு தூக்கிக்கிட்டு வருவா?" என்றாள் பாலெட். சாலட் அவன் செய்வது. இருபத்தேழு வருஷமாக அவன்தான் கொண்டுபோகிறான். அதற்கு மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

பாதி வழியில் ரேடியோ சொன்னது. நம்ம ஊர் டீம், நிஜமான டீம், அடுத்த இரண்டு வருஷத்து முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்து மார்க்கெல் டுபோஸை வாங்கிவிட்டது. முழங்கால் தேறிவிட்டதாம். டென்னி யோசிக்காமல் ஹார்னை அழுத்தினான். எதிரே வந்த காரும் அழுத்தியது. கொஞ்ச நேரத்துக்கு லாக்கவானாவே ஒரு கல்யாண ஊர்வலம் போல இருந்தது. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது, காகிதத்தில் டுபோஸ் இருப்பது யாரிடம் என்று.

"பாலெட், கேட்டியா?"

"கேட்டேன். ஜீனும் கேட்டிருப்பான்."

ஜீனைப் பற்றி ஊருக்கே தெரியும். கார் ஷெட்டுக்கு நம்ம டீமின் நிறம். நாய்க்கு நம்ம டீமின் சட்டை. நம்ம டீம் ஆள் ஒருத்தன் அடுத்தவன் காகிதத்தில் இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அப்படி ஒருவனை விற்றதே இல்லை, அப்படி ஒருவனை வாங்காமல் விட்டதும் இல்லை. டுபோஸ் வேற்று டீமில் இருந்ததால்தான் போன தரம் அவனை விற்க ஜீனுக்கு மனசு வந்தது.

ஹாலில் நுழைந்தபோது நாற்காலியில் புது டேப் ஒட்டியிருந்தது. பா. டுஜிக். பழைய டேப்பின் பசை இன்னும் போகாமல், டென்னியின் பெயர் இருந்த இடம் அழுக்காகத் தெரிந்தது. அவன் சாலட்டை மேஜையில் வைத்துவிட்டு சுவரோரம் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு தாத்தா, தன் பேரனின் டீமுக்காக வந்தவர், அவனுக்கு ஆறுதலாக மிட்டாய் நீட்டினார். வாங்கிக்கொண்டான்.

மேஜையில் ஜீன் ஏற்கெனவே அக்காவின் பக்கம் நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, சும்மா கேக்கறேன். டுபோஸ் உனக்கு எதுக்கு?"

பாலெட் கோழிச் சிறகு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். "பிடிச்சிருக்கு."

"இன்னிக்கு மொத பிக் எங்கிட்டதான் இருக்கு. டென்னி குடுத்தது. திருப்பித் தந்துடறேன்."

அவள் எலும்பைத் திருப்பி மறுபக்கம் பார்த்தாள்.

"அடுத்த வருஷத்தோடதும். அதுவும் டென்னி குடுத்ததுதான்."

"நல்லா வெந்திருக்கு இது," என்றாள் பாலெட். "எண்ணெய் மாத்திட்டாங்க போல."

"அக்கா, ரெண்டு முதல் பிக். நம்ம டீமே அவ்வளவுதான் குடுத்திருக்கு."

"நம்ம டீம் எனக்குத் தம்பி இல்லையே. நீ தம்பி. அதனால உன்னோட சொந்தப் பிக்கும் வேணும், அடுத்த வருஷத்தோடது."

"அது என்னோடதுக்கா!"

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

மேஜை முழுக்கச் சிரித்தது. ஜீன் எழுந்து ஜன்னல் வரை போனான். வெளியே யாரோ இன்னும் ஹார்ன் அடித்துக்கொண்டு போனார்கள், டுபோஸுக்காகத்தான். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டான். உதைக்காரனையும் எடுத்துக்கோ என்று பாலெட் அவனிடமே தள்ளிவிட்டாள்.

டென்னி வாயில் போட்ட மிட்டாயை மறந்து உட்கார்ந்திருந்தான். கால் மணி நேரம் வியர்த்துத் தான் தொலைத்ததில் மிச்சமிருந்ததை, கையில் எண்ணெயோடு ஏழு நிமிஷத்தில் அவள் திரும்ப வாங்கிவிட்டாள். மேலே ஒன்றும் சேர்த்து வாங்கிவிட்டாள். பெருமையாகத்தான் இருந்தது. கூடவே, இவ்வளவு நாள் இந்த நாற்காலியில் தப்பான ஆளா உட்கார்ந்திருந்தேன் என்றும் இருந்தது.

வின்ஸ் மணியைப் பார்த்தார். "ஆரம்பிக்கலாமா?"

"ஒண்ணு இருக்கு," என்றாள் பாலெட், விரலைத் துடைத்துக்கொண்டே. "என் பக்கத்துல இன்னொரு நாற்காலி போடணும். டென்னிக்கு."

"எட்டு டீம், எட்டு நாற்காலி. ஃபைல்ல இருக்கு."

"மாத்தலாம்னும் ஃபைல்ல இருக்கு. எட்டுப் பேரும் ஒத்துக்கிட்டா."

கைகள் எழுந்தன. ஜீன்கூடத் தூக்கினான், மெதுவாக. வின்ஸ் மட்டும் தூக்கவில்லை. அவருக்கும் ஒரு டீம் உண்டு, போன சீசனில் ஏழாவது இடம்.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல," என்றார். "ஆனா இந்த மேஜையில எதுவும் சும்மா கைமாறினது கிடையாது."

"என்ன வேணும்?"

"அடுத்த வருஷ முதல் பிக். ஜீனோடது இல்ல, உன்னோடது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பேரம் பேசுவாள், மூன்றாம் சுற்றில் ஏதாவது தருவாள், முடித்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"எழுதிக்குங்க," என்றாள் பாலெட்.

சுவரோரத்திலிருந்து சத்தம் வந்தது. "வேண்டாம், பாலெட். அது முதல் பிக். ஒரு நாற்காலிக்குப் போய் யாராவது முதல் பிக்கைக் குடுப்பாங்களா? ஜீனோடதை மட்டும் வெச்சுக்கிட்டு அடுத்த வருஷம் என்ன பண்ணுவே?"

டென்னி எழுந்தே நின்றுவிட்டான். முகமெல்லாம் சிவந்திருந்தது. நாளைக்கு என்று ஒன்றைச் சேர்த்து வைக்கச் சொல்லி அந்த மனிதன் பேசியதை அந்த ஹால் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"சுவரோரம் பேச்சு கூடாது," என்றார் வின்ஸ். ஆனால் பேனா அவர் கையில் அப்படியே நின்றது.

"அக்கா," என்றான் ஜீன், "டுபோஸ் நட்சத்திரம். அதுக்குக் குடுத்தோம், சரி. இவனுக்குமா?"

"இவன் முழங்கால் நல்லாத்தான் இருக்கு," என்றாள் பாலெட். "நெஞ்சும் நல்லாருக்கு, டாக்டரைக் கேட்டுப் பாரு. நீங்க எழுதுங்க, வின்ஸ்."

எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். டென்னி சுவரோரத்து மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வழியில் இரண்டு பேர் காலில் இடித்தான். அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். டேப் கிடையாது என்று வின்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்; பிக் நாற்காலிக்கு மட்டும்தானாம்.

"டுஜிக்," என்று கூப்பிட்டார் வின்ஸ். "முதல் பிக் உங்களோடது."

டென்னி அவள் காதருகில் குனிந்தான். "அநியாயத்துக்குக் குடுத்துட்டே. அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றாள் பாலெட். குறிப்பு எழுதிய கடித உறைகளை அவன் பக்கம் நகர்த்தினாள். "இப்போ சொல்லு. யாரை எடுக்கலாம்?"